லோகேஸ்வரி a/p பிச்சைமுத்து

லோகேஸ்வரிக்கு அலுவலகத்தில் வரும் மின்னஞ்சல்களில் பாதி, அவளுடைய அப்பாவுக்கு எழுதியவை போலவே இருக்கும். 'அன்புள்ள பிச்சைமுத்து, நேற்றைய கோளாறு சரியாகிவிட்டதா?' 'பிச்சைமுத்து, திங்கட்கிழமைக்குள் முடித்துத் தர முடியுமா?' கடல் கடந்த தலைமை அலுவலகத்தில் இருக்கும் ஏதோ ஒரு கணினி, பெயரின் கடைசிச் சொல்தான் ஆளின் பெயர் என்று முடிவு கட்டிவிட்டது. பிச்சைமுத்துவோ மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி, முதுகு வலியோடு ஓய்வு பெற்று, இப்போது பினாங்கு ஜெலுத்தோங்கில் மகள் வீட்டில் காலையில் பேப்பரும் மாலையில் டிவியில் பந்தாட்டமுமாக இருக்கிறார்.

"என்னம்மா, இன்னைக்கும் எனக்கு வேலை குடுத்துட்டானுங்களா?" என்பார் மகள் வீடு திரும்பியதும். "வேலைய என் பேருல போடறானுங்க, சம்பளத்த மட்டும் உன் பேருல போடறானுங்க. நல்ல கம்பெனிலா இது."

தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மலேசியத் தமிழர் பெயருக்கு நடுவில் ஒரு சாய்வுக்கோடு உண்டு. மகன் என்றால் a/l, மகள் என்றால் a/p. இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்பதற்கான மலாய்ச் சொற்களின் சுருக்கம் அது. பிறப்புப் பத்திரத்தில் பிறந்த கோடு அடையாளக் கார்டு, கல்யாணப் பதிவு என்று கடைசிவரை கூடவே வரும். கணினிகளுக்கு மட்டும் அந்தக் கோட்டைக் கண்டால் ஆகாது. பெயரை ஒழுங்காக எழுதி அனுப்பினால், 'செல்லாத குறியீடு' என்று சிவப்பு எழுத்தில் முகத்தில் அடித்தாற்போல் பதில் வரும். எத்தனை தடவைதான் அடி வாங்குவது? நம் ஆட்கள் பழகிக்கொண்டார்கள். சிலர் கோட்டை மட்டும் எடுத்துவிடுவார்கள். சிலர் அப்பாவையே எடுத்துவிடுவார்கள்.

லோகேஸ்வரி இரண்டையும் செய்து பார்த்தவள். வேலைக்குச் சேர்ந்தபோது கோட்டை எடுத்தாள். ஊழியர் அட்டையில் 'லோகேஸ்வரி AP பிச்சைமுத்து' என்று அச்சாகி வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர் அவளை ஒரு வாரம் முழுக்க 'மிஸ் ஆப்' என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு தானே படிவம் நிரப்பும் இடங்களில் லோகேஸ்வரி பிச்சைமுத்து என்றே எழுதினாள். அவசரமென்றால் வெறும் லோகேஸ்வரி. கை அதற்கே பழகிவிட்டது.

அவளுக்கு வேலை பாயான் லெப்பாஸில், மின்னணுச் சில்லுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில். உற்பத்தி வரிசைகளுக்கு மேலே தொங்கும் திரைகளில் எண்கள் ஓடுமே, அவற்றை ஓட்டும் மென்பொருளைக் கவனித்துக்கொள்பவள். எழுதியது அவள் இல்லை. எங்கோ யாரோ எழுதியது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத் தலை சீவிவிடுகிற மாதிரி, நாள்தோறும் அதைச் சரிசெய்து, துடைத்து, பொட்டு வைத்து அனுப்புவது அவள் பங்கு. வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தானே எழுதிய ஒன்றை, கண்ணெதிரே ஒரு மனிதர் கையில் வைத்துப் பயன்படுத்துவதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. சொன்னால் சின்னப் பிள்ளைத்தனமாகத் தெரியும் என்று யாரிடமும் அவ்வளவாகச் சொன்னதில்லை.

அதனால்தான் அவளுக்கு இரண்டு பைகள். கறுப்புப் பையில் கம்பெனி மடிக்கணினி. சிவப்புப் பையில் சொந்த மடிக்கணினி. பக்கவேலை செய்ய மேலாளர் டேனியல் கோரிடம் வாய்விட்டே அனுமதி கேட்டாள். கோர் பினாங்குச் சீனர். சுற்றி வளைக்கத் தெரியாத மனிதர். "செய்யலாம்லா. ஆனால் ஆபீஸ் நேரம் ஆபீஸ் நேரம்" என்றார் ஆங்கிலத்தில். அன்றிலிருந்து தொழிற்சாலை வாசலுக்குள் சிவப்புப் பை திறந்ததே இல்லை. காரின் பின்பக்கத்தில் கிடக்கும். விடியும் முன் எழுந்து, வீடு விழிப்பதற்குள் கொஞ்சம். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கொஞ்சம். அந்த ஞாயிறுகளில் சமையலும் மகள் ஷர்மினியும் கணவன் கோகிலன் தலையில்.

கோகிலன் குளிர்சாதனம் பழுதுபார்க்கும் ஏர்கோன் மெக்கானிக். பொறுமைசாலி. ஆனால் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டல்லவா? ஏற்கெனவே இரண்டு முறை அவள் கையைச் சுட்டுக்கொண்டிருந்தாள். டியூஷன் வகுப்புக்கு வருகைப்பதிவு செய்து கொடுத்தாள். அந்த ஆசிரியை ஒரே மாதத்தில் பழையபடி நோட்டுக்கே திரும்பிவிட்டார். பந்தி சமையல்காரர் ஒருவருக்கு ஆர்டர் வாங்கும் பக்கம் எழுதினாள். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் வாட்ஸ்அப்பிலேயே காலத்தை ஓட்டினார்.

"மூணாவது இதுதான் கோகி," என்றாள் லோகேஸ்வரி. "இதுவும் ஊத்திக்கிச்சுன்னா பைய மூடி வெச்சிடறேன். அப்புறம் ஞாயித்துக்கெழம நானும் மனுஷியா வீட்ல இருக்கேன்."

கோகிலன் "சரி" என்றான். அந்தச் 'சரி'யில் ஒரு நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதிதான் அவளைச் சுட்டது.

அந்த மூன்றாவது, லிட்டில் இந்தியாவில் லெபோ பாசார் தெருவில் இருக்கும் ஹனீபா அண்ணனின் பள்ளிச் சீருடைக் கடை. அவளுக்கும் கடைக்கும் பழக்கமானதே ஒரு சண்டையில்தான். ஒரு வருடம் ஷர்மினியின் சட்டையில் தைக்க வேண்டிய பெயர்ப்பட்டை 'ஷர்மிளி' என்று வந்துவிட்டது. பட்டையைத் தூக்கிக்கொண்டு சண்டை போடப் போனவள், கல்லாவுக்குப் பின்னால் குவிந்து கிடந்த துண்டுச் சீட்டுகளைப் பார்த்து நின்றுவிட்டாள். பெற்றோர்கள் அவரவர் கையெழுத்தில் கிறுக்கிக் கொடுத்த பெயர்கள். அவற்றைப் படித்துப் படித்துத் தட்டச்சு செய்து, நூல் வேலை செய்யும் மெஷினுக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள் ஹனீபாவின் மகள் நூருல் ஹுதா.

"இத பாருங்க அக்கா," என்று அவள் ஒரு சீட்டை நீட்டினாள். "இது எம்-ஆ, என்-ஆ, இல்ல மழை பேஞ்சதா? நான் என்ன ஜோசியமா பாக்கறது?"

சண்டை போடப் போனவள் வேலை வாங்கிக்கொண்டு வந்தாள். பெற்றோர் தங்கள் கைப்பேசியிலேயே பிள்ளையின் பெயரைத் தட்ட வேண்டும். தட்டிய பெயர் அப்படியே தையல் வரைபடமாக மாறி, அந்தப் பெயரிலேயே ஒரு கோப்பாக மெஷினின் பெட்டகத்தில் போய் உட்கார வேண்டும். மெஷின் வரிசையாக எடுத்துத் தைத்துத் தள்ளும். இடையில் யாரும் எம்-ஆ என்-ஆ என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. பல மாத விடியல்களைத் தின்று அது உருவாகி முடிந்தது.

சோதித்துப் பார்த்தார்கள். லோகேஸ்வரி தன் பெயரைத் தட்டினாள், பழக்கப்படி லோகேஸ்வரி பிச்சைமுத்து என்று. மகள் பெயரை ஷர்மினி என்று தட்டினாள். ஹனீபா அண்ணன் தன் மகன் பெயரை ஹைக்கல் பின் ஹனீபா என்று முழுசாகத் தட்டினார். பக்கத்துக் கடைச் சீனரின் மூன்று பிள்ளைகள் பெயரும் ஏறின. எல்லாம் அச்சுப் பிசகாமல் தைத்து வந்தன. ஹனீபா அண்ணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சீட்டு வாங்கும் டப்பாவை அன்றைக்கே தூக்கிப் பரணில் போட்டார்.

சில வருடங்களாக முன்பின் ஓடிக்கொண்டிருந்த பள்ளித் திறப்பு மறுபடி ஜனவரிக்கே வந்து சேர்ந்த வருடம் அது. ஆர்டர்கள் கொட்டின. சட்டைகளில் பள்ளிச் சின்னம் தைக்கும் வேலையே மெஷினுக்குத் தலைக்கு மேல் இருந்ததால், பெயர்ப்பட்டைகளைக் கடைசியாக வைத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை பள்ளி. வியாழக்கிழமை மாலையில்தான் பட்டைகள் ஓட ஆரம்பித்தன. வெள்ளிக்கிழமை காலையில் பெற்றோர் வாங்கிப்போக வந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை லோகேஸ்வரி உற்பத்திக் கூடத்துக்குள் இருந்தாள். அங்கே கைப்பேசிக்கு அனுமதி இல்லை. வாசலில் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். மதிய இடைவேளைக்கு வெளியே வந்து பெட்டியைத் திறந்தால், கைப்பேசித் திரை முழுக்க ஹனீபா அண்ணன். கடைசியாக ஒரு குரல் பதிவு.

"ஏம்மா லோகா, என்னம்மா இது? மலாய்ப் பிள்ளைங்களுக்கு ரெடி, சீனப் பிள்ளைங்களுக்கு ரெடி, நம்ம தமிழ்ப் பிள்ளைங்களுது ஒண்ணுகூட காணோம். ஒண்ணுகூட. கடையில ஆளுங்க நிக்கிறாங்க. ஹனீபா எங்க பிள்ளைங்கள ஒதுக்கி வெச்சிட்டான்னு பேசறாங்கம்மா. நான் எத்தன வருஷமா இந்த ரோட்டுல கடை வெச்சிருக்கேன்? தொழுகைக்கு நேரமாச்சு, நான் பள்ளிவாசலுக்குப் போறேன். நீ கொஞ்சம் பாரு."

லோகேஸ்வரி அதை இன்னொரு முறை போட்டுக் கேட்டாள். தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் எப்படி விடுபடும்? அவள் எழுதியதில் இனம் கேட்கும் வரி ஒன்றுகூட இல்லையே. ஒரு தமிழச்சி எழுதி, ஒரு தமிழ் முஸ்லிம் கடையில் ஓடுகிற மென்பொருள், தமிழ்ப் பிள்ளைகளை மட்டும் பார்த்து வாசலில் நிறுத்துகிறது என்றால் யாராவது நம்புவார்களா? ஆனால் பைக்குள் பட்டை இல்லாமல் திரும்பிப் போகிற அம்மாவுக்கு அதெல்லாம் எதற்கு? பட்டை இல்லை, அவ்வளவுதான். மூன்றாவதும் ஊற்றிக்கொண்டது என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. அவமானமாக இருந்தது.

ஒரே ஒரு நல்ல விஷயம், அன்று வெள்ளிக்கிழமை. தொழுகைக்காக இடைவேளை நீளம். கோரிடம் போய் நின்றாள்.

"இடைவேளையில் டவுனுக்குப் போய் வருகிறேன். சொந்த வேலை."

"இடைவேளை உன்னுடையது. என்னை ஏன் கேட்கிறாய்? ஆனால் இடைவேளை முடிந்ததும் உற்பத்தி வரிசையில் புதுத் திரைகளைத் திறக்கிறோம், நீ இல்லாமல் முடியாது," என்றார் கோர், சாப்பாட்டிலிருந்து தலை நிமிராமல்.

கடலோரச் சாலையில் காரை விரட்டினாள். லிட்டில் இந்தியாவில் நிறுத்த இடம் கிடைக்காது என்று தெரியும். தள்ளிப்போய் நிறுத்திவிட்டு, சிவப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் ஓட்டமும் நடையுமாக வந்தாள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் பிரசங்கம் ஒலித்துக்கொண்டிருந்தது. கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள்.

உள்ளே நூருல் ஹுதா அழாத குறையாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே, ஓட்டல் வரவேற்பறைச் சீருடையில் ஒரு பெண், பட்டையை வாங்காமல் நகர மாட்டேன் என்று முக்காலியில் கால் மேல் கால் போட்டு அமர்ந்திருந்தார். பெயர் மோகனா. தன் வேலை இடைவேளையில் வந்தவர்.

"நீங்கதான் கம்ப்யூட்டர் எழுதினவங்களா?" என்றார் மோகனா. "உங்க கம்ப்யூட்டருக்கு எங்க பிள்ளைங்க மட்டும் கண்ணுக்குத் தெரியலியா? எம் மவன் கிளாஸ்ல மூணு ஷர்வின் இருக்கான். அப்பா பேரு இல்லாட்டி எந்த ஷர்வின்னு டீச்சருக்குத் தெரியாது. முழுப் பேரு வேணும்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க. திங்கக்கெழம நான் என்ன செய்யறது?"

"ஒரு நிமிஷம் இருங்கக்கா. பாத்துடறேன்," என்றாள் லோகேஸ்வரி.

ஆர்டர் பக்கத்தைத் திறந்தாள். எல்லாப் பெயர்களும் இருந்தன. ஷர்வினும் இருந்தான். மெஷினின் பெட்டகத்தைத் திறந்தாள். அங்கே ஷர்வின் இல்லை. நடுவில் எங்கே போனான்? பட்டியலை மேலே தள்ளிக்கொண்டே போனாள். கோப்புகளுக்கெல்லாம் மேலே, அவள் உருவாக்கவே இல்லாத மஞ்சள் ஃபோல்டர் உறைகள் வரிசை கட்டி நின்றன. ஒவ்வோர் உறைக்கும் ஒரு பெயர். 'ஷர்வின் a'. 'திவ்யாஷினி a'. 'கவின்ராஜ் a'.

'ஷர்வின் a' என்ற உறையைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு கோப்பு. அதன் பெயர் 'l யுகேந்திரன்'.

லோகேஸ்வரி தலையில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள். நூருல் ஹுதா பயந்தேபோனாள்.

கணினிக்குச் சாய்வுக்கோடு என்றால் ஒரே ஓர் அர்த்தம்தான். கோட்டுக்கு முன்னால் இருப்பது உறை, பின்னால் இருப்பது அதற்குள் வைக்க வேண்டிய கோப்பு. உறை இல்லாவிட்டால் நீயே ஒன்று செய்துகொள் என்று லோகேஸ்வரிதான் ஒரு வரி எழுதி வைத்திருந்தாள், உதவியாக இருக்கட்டுமே என்று. கணினியும் சொல் தட்டாமல், ஊரிலுள்ள தமிழ்ப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை கட்டி, உள்ளே அவரவர் அப்பாவைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தது. மெஷினுக்கு அறைக்கதவைத் திறந்து பார்க்கத் தெரியாது. வெளியே இருந்த மலாய், சீனப் பெயர்களை மட்டும் தைத்து முடித்துவிட்டுச் சும்மா நின்றுகொண்டது.

கம்ப்யூட்டர் கோடு எழுதிப் பிழைக்கிறவள் ஒரு கோட்டில் தடுக்கி விழுந்திருந்தாள். அதுவும் பிறந்ததிலிருந்து தன் பெயரோடு வருகிற கோட்டில். சோதித்த நாளில் தன் பெயரை ஒரே ஒரு முறை ஒழுங்காகத் தட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். தட்டவில்லை. சொல்லப்போனால், தட்டாமல் விட்டோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. அவ்வளவு பழக்கம்.

விஷயத்தைச் சொன்னதும் நூருல் ஹுதா பரபரத்தாள். "அப்ப அந்தக் கோட்ட எடுத்துட்டா முடிஞ்சிடும்லா அக்கா. ஒரே அமுக்கு. வாப்பா தொழுதுட்டு வர்றதுக்குள்ள தெச்சிடலாம்."

உண்மைதான். ஒரே வரி. எல்லாப் பெயர்களிலிருந்தும் கோட்டை உருவி எறிந்தால் போதும். கை தன் பாட்டுக்கு அந்த வரியை எழுதியும்விட்டது. மாதிரிக்கு ஒன்று தைத்துப் பார்த்தார்கள். மெஷின் கடகடவென்று ஓடி ஒரு பட்டையைத் துப்பியது. மோகனா அதை வாங்கி, கண்ணருகே வைத்துப் படித்தார்.

"ஷர்வின் அல் யுகேந்திரன்." நிமிர்ந்து பார்த்தார். "என்ன, எம் மவன் துபாய்லயா பொறந்தான்?"

நூருல் ஹுதாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. லோகேஸ்வரிக்கு வரவில்லை. மிஸ் ஆப் என்று ஒரு வாரம் கூப்பிடப்பட்ட ஞாபகம் அவளுக்கு. சட்டையில் தைத்துக்கொண்டு இந்தப் பிள்ளைகள் வருடம் முழுக்க அலைய வேண்டும். யாரோ எழுதிய படிவம் செல்லாது என்று சொன்னால் வேறு வழியில்லை, பணிந்து போகலாம். இது அவளே எழுதியது. அவளே எழுதியதுகூட அவள் பெயரைச் செல்லாது என்று சொன்னால், அப்புறம் அந்தச் சிவப்புப் பை எதற்கு?

"வேணாம் ஹுதா. கோடு இருக்கட்டும்," என்றாள். எழுதிய வரியை அழித்தாள்.

"அப்புறம் எப்படி அக்கா?"

"கோப்புக்குத்தான பேரு பிரச்சனை? கோப்புக்கு ஆர்டர் நம்பர வெச்சிடலாம். பிள்ளையோட பேர யாரும் தொட வேணாம்."

சொல்ல ஒரு வாக்கியம். செய்ய அப்படியில்லை. கோப்புக்குப் பெயர் வைக்கும் இடத்தை மாற்றினால், அந்தப் பெயரை நம்பி நிற்கும் மற்ற இடங்களையும் மாற்ற வேண்டும். கடைத் திரையில் எந்தப் பட்டை தயார் என்று காட்டும் இடம், பெற்றோருக்குச் செய்தி போகும் இடம், தைத்து முடித்ததை அடையாளம் வைக்கும் இடம். ஒன்றை மறந்தாலும் ஏற்கெனவே தைத்தவை மறுபடி தைக்கப்படும், அல்லது ஒருவன் பட்டை இன்னொருவன் பையில் போய்ச் சேரும். ஒரு பக்கம் பாயான் லெப்பாஸில் புதுத் திரைகள் காத்திருந்தன. கோர் ஒரு முறைதான் சொல்வார். ஒரு தடவை தாமதமாகப் போனால், பக்கவேலை உன் தலைவேலையைத் தின்கிறது என்பார். அதோடு முடிந்தது.

லோகேஸ்வரி இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அதன் பிறகு அவளுக்கு வெளியே எதுவும் கேட்கவில்லை. கடை கேட்கவில்லை, பிரசங்கம் முடிந்தது கேட்கவில்லை. ஒவ்வோர் இடமாகத் தேடிப் பிடித்து மாற்றினாள், மாற்றியதைத் திரும்பப் படித்தாள். மோகனா எப்போது எழுந்தாரோ, பின்னால் வந்து நின்று, ஒரு பழைய அட்டையை எடுத்து அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார். தொழுகை நேரம் என்று கடையில் ஏர்கோனை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

கடைசியில் சோதனைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. லோகேஸ்வரியின் விரல் 'லோகேஸ்வரி பி' என்று தட்டிவிட்டு நின்றது. அழித்தாள். முதலிலிருந்து தட்டினாள், ஒவ்வோர் எழுத்தாக. லோகேஸ்வரி a/p பிச்சைமுத்து.

மெஷின் ஓடியது. பட்டை வந்தது. எழுத்துகளுக்கு நடுவே, வெள்ளைத் துணியில் நீல நூலில், சாய்ந்து நின்றது அந்தக் கோடு. லோகேஸ்வரிக்கு மறுபடியும் கண் கலங்கியது. இந்த முறை அவமானத்தால் இல்லை. அந்தப் பட்டையைக் கத்தரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"போடு ஹுதா," என்றாள். "எல்லாத்தையும் போடு."

ஷட்டரைத் தூக்கிக்கொண்டு ஹனீபா அண்ணன் உள்ளே வந்தபோது மெஷினின் எல்லா ஊசித் தலைகளும் ஒன்றாகக் குதித்துக்கொண்டிருந்தன. ஷர்வின்களும் திவ்யாஷினிகளும் அப்பாக்களோடு வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவர் தொப்பியைக் கழற்ற மறந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். "என்னம்மா ஆச்சு?"

"நம்ம பேருல ஒரு கோடு இருக்குல்ல அண்ணே? அத நான்தான் மறந்துட்டேன். உங்க மேல தப்பில்ல, மெஷின் மேலயும் தப்பில்ல. கேக்கறவங்ககிட்ட என் பேர சொல்லுங்க. நான் ஓடணும்."

மோகனா தன் மகன் பட்டையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கூடவே வெளியே வந்தார். "இங்க பாருங்க," என்றார் நடந்தபடியே, "கோவத்துல ஏதாச்சும் பேசியிருந்தா மனசுல வெச்சிக்காதீங்க. ஸ்கூல் அம்மாங்க வாட்ஸ்அப்ல நான்தான் மொதல்ல கடைய கிழிச்சது. இப்ப நானே தெச்சிடறேன்."

தொழிற்சாலை வாசலை அவள் அடைந்தபோது, தொழுகை முடித்த சக ஊழியர்கள் சொங்கோக் தொப்பியைக் கையில் பிடித்தபடி அரட்டையடித்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களோடு அவளும் போனாள், மூச்சு வாங்கிக்கொண்டு. சாப்பிடவில்லை என்பது மாலையில்தான் ஞாபகம் வந்தது. புதுத் திரைகள் ஒரு சிக்கலும் இல்லாமல் திறந்தன.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஹனீபா கடை வாசலில் ஆள் நெரிசல். மோகனா சொன்னபடியே வாட்ஸ்அப்பில் தைத்திருந்தார். 'பேரில் கோட்டை விடாத கடை' என்று அவர் போட்ட ஒரு வரி, எந்தெந்தக் குழுவுக்கெல்லாமோ பறந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை லோகேஸ்வரி வீட்டில் இல்லை. கடையில் நின்று, ஒவ்வொரு பெற்றோரும் பட்டையை வாங்கி ஒரு முறை விரலால் தடவிப் பார்ப்பதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்கு நடுவில் கோகிலனும் ஷர்மினியும் அவளுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தார்கள். கோகிலன் கொஞ்ச நேரம் ஓரமாக நின்று எல்லாவற்றையும் கவனித்தான். பிறகு யாரும் கேட்காமலே பட்டைகளைப் பையில் போட்டுக் கொடுக்கத் தொடங்கினான்.

"பைய மூட வேணாம் போலருக்கே," என்றான் அவள் பக்கம் திரும்பாமல்.

"மூட மாட்டேன்," என்றாள் லோகேஸ்வரி.

திங்கட்கிழமை பள்ளி திறந்தது. அந்த வாரமே புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு சீருடைக் கடைக்காரர் கூப்பிட்டார். அடுத்து செபராங் ஜெயாவிலிருந்து ஒருவர். ஹனீபா அண்ணன் தன் வியாபார நண்பர்களிடம், "எங்க கம்ப்யூட்டருக்கு எல்லாப் பேரும் தெரியும்" என்று மார்தட்டிக்கொண்டிருப்பதாக நூருல் ஹுதா செய்தி அனுப்பினாள்.

அதே வாரம் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது கோர், தன் மகளின் சீருடையைப் பற்றித் தானாகவே பேச்செடுத்தார். "லெபோ பாசாரில் ஒரு கடை. போனிலேயே பெயரைத் தட்டினால் போதும், போய் வாங்கிக்கொள்ளலாம். நம்ம ஊரில் இப்படி ஒன்று யார் செய்தார்களோ, நன்றாக இருக்கிறது. உனக்கு அந்தக் கடை தெரியுமா?"

"தெரியும். அதை எழுதியது நான்தான்," என்றாள் லோகேஸ்வரி.

கோர் கரண்டியைக் கீழே வைத்தார். இந்த முறை தலை நிமிர்ந்துதான் பார்த்தார்.

அவர் பேசுவதற்குள் அவளே தொடர்ந்தாள். ஊழியர் அட்டைகளைப் புதுப்பிக்கும் காலம் அது. பெயர்ப் படிவத்தில் அவள் அன்று காலை a/p போட்டுப் பார்த்திருந்தாள். 'செல்லாத குறியீடு' என்று சிவப்பில் வந்தது. "அந்தப் படிவம் நம்ம குழுவோட கையில்தானே இருக்கிறது? நான் சரிசெய்கிறேன். இங்கே வேலை செய்கிற நூற்றுக்கணக்கான பேருக்கு அந்தக் கோடு இருக்கிறது."

"யார் நேரத்தில்?" என்றார் கோர்.

"ஆபீஸ் நேரத்தில். இது ஆபீஸ் வேலை."

கோர் சிரித்துவிட்டார். "செய்லா," என்றார். "தலைமை அலுவலகத்துக்கும் நானே எழுதுகிறேன். உன்னை அவர்கள் கூப்பிடும் அந்தப் பெயர், அது யார்? ரொம்ப நாளாகக் கேட்க வேண்டும் என்றிருந்தேன்."

புது அட்டை வந்த அன்று லோகேஸ்வரி வழியில் எங்கும் நிற்காமல் வீட்டுக்குப் போனாள். பிச்சைமுத்து வழக்கமான நாற்காலியில், பந்தாட்டம் தொடங்கக் காத்திருந்தார். அட்டையை அவர் மடியில் வைத்தாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, எழுத்தெழுத்தாகப் படித்தார். தன் பெயரின் மேல் கட்டைவிரலை வைத்து, அதற்கு முன்னால் நின்ற கோட்டையும் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப இனிமே எனக்கு மெயில் வராதா?"

"வராதுப்பா. தலைமை ஆபீஸ்லயும் பேர மாத்திட்டாங்க. எனக்குத்தான் வரும். அன்புள்ள லோகேஸ்வரின்னு."

"ரொம்ப நல்லதாப் போச்சு," என்றார் பிச்சைமுத்து, அட்டையைத் திருப்பிக் கொடுக்காமலே. "இன்னைக்குத்தாம்மா நான் உண்மையிலேயே ரிட்டயர் ஆனேன்."